கடனுதவியும் கடல் உறவும்

2022-ஆம் ஆண்டு இலங்கை எரிபொருளும் மருந்தும் இன்றித் தவித்தபோது, இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்குக் கடனும் உதவியும் தந்தது. 2023 சனவரியில், பன்னாட்டு நாணய நிதியத்திடம் கடன் சீரமைப்புக்கான உறுதிமொழியை முதலில் அளித்த நாடும் இந்தியாவே. நல்ல அயலாருக்குரிய செயல் இது என மகிழ்கிறோம்.

ஆனால், தலைநகரங்களில் வளர்ந்த இந்த நட்பு பாக்கு நீரிணையை இன்னும் எட்டவில்லை. தமிழகக் கரையிலிருந்து எல்லை தாண்டும் இழுவைமடிப் படகுகள் கடலடியை வாரிச் செல்கின்றன. போரில் அனைத்தையும் இழந்து மீண்டெழுந்த வட இலங்கை மீனவரின் வலைகள் அறுகின்றன. இலங்கை 2017-இல் இழுவைமடியைத் தடை செய்தது. மறுபுறம், நம் மீனவர் சிறைப்படுகின்றனர், படகுகள் பறிமுதலாகின்றன, படகுக்கு வாங்கிய கடன் குடும்பத்தை நெரிக்கிறது.

இரு கரையினரும் பேசுவது ஒரே மொழி. கச்சத்தீவு புனித அந்தோணியார் திருவிழாவில் கூடுவது ஒரே பலிபீடத்தின் முன். வணிக ஒப்பந்தங்களுக்கு அரசுகள் காட்டும் அக்கறை இவர்களுக்கும் வேண்டும். கைதானோர் விடுதலை பெறவேண்டும். ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற 2017-இல் தொடங்கிய திட்டம் ஊக்கம் பெறவேண்டும். பெரிய நாட்டின் பெருமை, கொடுத்த கடனில் மட்டுமன்று, சிறிய அயலாரின் பிழைப்பை மதிப்பதிலும் விளங்கும். இதற்காகச் செபிப்போம், குரலும் கொடுப்போம்.