புகாரை மீட்டால் பாதுகாப்பு எங்கே?

"பிள்ளைகள் முகத்தைப் பார்த்து இந்த ஒரு தடவை விட்டுவிடும்மா" என்று பேசி, கணவர் மீது கொடுத்த போலீஸ் புகாரை மீட்க வைப்பது தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் இன்னும் நடக்கிறது. அப்படிச் சொல்லும் உறவினர்களும் கோயில் பெரியவர்களும் குடும்பம் உடையக்கூடாது என்றே நினைக்கிறார்கள். ஆனால் புகார் போனால் அந்தப் பெண்ணின் பாதுகாப்பும் போகக்கூடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

நம் நாட்டின் 1994 குடும்ப வன்முறைச் சட்டம் 1996 ஜூன் முதல் அமலில் உள்ளது. 2012, 2017 திருத்தங்களுக்குப் பிறகு அடி உதை மட்டுமல்ல, மனத்தைச் சிதைக்கும் கொடுமையும் கைத்தொலைபேசி வழி மிரட்டுவதும் அதில் அடங்கும். இச்சட்டம் மூன்று வகை உத்தரவுகளைத் தருகிறது.

முதலாவது, இ.பி.ஓ. எனும் அவசரப் பாதுகாப்பு உத்தரவு. இதைச் சமூக நல இலாகா அதிகாரியே வழங்கலாம். போலீஸ் புகார் தேவையில்லை, நீதிமன்றம் போக வேண்டியதில்லை. விண்ணப்பித்த 2 மணி நேரத்தில் கிடைக்க வேண்டும். ஆனால் அதன் ஆயுள் 7 நாள்தான்.

இரண்டாவது, ஐ.பி.ஓ. எனும் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு. போலீஸ் புகார் செய்த பின், விசாரணை நடக்கும் காலத்திற்கு மாஜிஸ்திரேட் வழங்குவது.

மூன்றாவது, பி.ஓ. எனும் பாதுகாப்பு உத்தரவு. கணவர் மீது குற்றம் சாட்டப்பட்டு வழக்கு நடக்கும்போது நீதிமன்றம் தருவது. 12 மாதம் வரை நீடிக்கும், மேலும் 12 மாதத்திற்கு நீட்டிக்கலாம். உடல் காயம் ஏற்படும் அபாயம் உண்டு என்று நீதிமன்றம் கருதினால், உத்தரவை மீறுபவரை வாரண்ட் இன்றிப் போலீஸ் கைது செய்யும் அதிகாரத்தையும் சேர்க்கலாம். மீறினால் 2,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வன்முறையோடு மீறினால் தண்டனை இரட்டிப்பாகும்.

சிக்கல் இரண்டாவது உத்தரவில்தான். ஐ.பி.ஓ. விசாரணையை நம்பி நிற்கிறது. வழக்குத் தொடுப்பதா இல்லையா என்பது அரசுத் தரப்பு வழக்கறிஞரின் முடிவு என்பது உண்மையே. ஆனால் வீட்டுக்குள் நடந்ததற்குப் பெரும்பாலும் அந்தப் பெண் ஒருவரே சாட்சி. அவர் பின்வாங்கினால் 'மேல் நடவடிக்கை இல்லை' என்று கோப்பு மூடப்படலாம். அதோடு ஐ.பி.ஓ.வும் முடிந்துவிடும். மறுநாள் கணவர் வாசலில் வந்து நின்றால், காட்டுவதற்கு அவர் கையில் உத்தரவு இருக்காது.

வழக்கு நீதிமன்றம் ஏறினாலும் ஐ.பி.ஓ. முடிவுக்கு வரும், பி.ஓ.வைத் தனியாகக் கேட்க வேண்டும். விசாரணை எந்த நிலையில் உள்ளது என்பதைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிப்பது போலீசின் கடமை. எனவே விசாரணை அதிகாரியின் பெயரையும் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். வீடு மாறினால், தொலைபேசி எண் மாறினால் அவருக்குச் சொல்லுங்கள். மருத்துவமனைக்கோ பாதுகாப்பான இடத்திற்கோ செல்லவும், வீட்டிலிருந்து உடைமைகளை எடுத்து வரவும் அதிகாரிகளின் துணையைக் கேட்கலாம். அதைச் சட்டமே சொல்கிறது.

நம்மவரைத் தடுக்கும் தவறான எண்ணங்கள் இரண்டு. ஒன்று, "கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவில்லை, சட்டம் எனக்கு உதவாது" என்பது. சமயமோ வழக்கமோ ஏற்கும் சடங்குப்படி திருமணம் நடந்திருந்தால், பதிவு இல்லாவிட்டாலும் இச்சட்டம் அவரை மனைவியாகவே ஏற்கிறது. சடங்கு ஏதுமின்றிச் சேர்ந்து வாழ்பவர்களுக்குத்தான் இதில் இடமில்லை. அது இன்னும் அடைக்கப்படாத ஓட்டை. மற்றொன்று, "வீடு அவர் பெயரில், நான்தான் வெளியேற வேண்டும்" என்பது. வீடு யார் பெயரில் இருந்தாலும், பி.ஓ. வழி அவரை வெளியேற்ற நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு.

சமரசம் பேச விரும்பும் பெரியவர்கள் பேசட்டும். ஆனால் புகாரை மீட்கச் சொல்லாமல் பேசட்டும். கணவர் உண்மையிலேயே திருந்தியிருந்தால், மனைவி கையில் ஓர் உத்தரவு இருப்பது அவருக்கு இடைஞ்சலாக இராது.

உதவிக்கு: தாலியான் காசே 15999, 24 மணி நேரமும். உயிருக்கு ஆபத்து என்றால் 999.