பெஸ்ஸா விலையில் ஒரு பெரிய பென்ஸ்

அத்தானுக்குப் போன மாதம் 55 வயது நிறைந்தது. இபிஎஃப் பணத்தில் கை வைக்கலாம் என்ற வயது. பிறந்தநாள் கேக் தீர்வதற்குள் எனக்குப் புலனத்தில் ஒரு படம் வந்துவிட்டது. கறுப்பு நிற மெர்சிடிஸ் எஸ்300எல். 2010ஆம் ஆண்டுப் பதிவு, மீட்டரில் 98,000 கிலோமீட்டர், விலை 49,000 ரிங்கிட். கீழே ஒரே வரி: “தம்பி, பெஸ்ஸா விலைக்குப் பென்ஸ்! என்ன சொல்ற?”

வேறு யாராவது கேட்டிருந்தால் ‘வேண்டாம்’ என்று ஒரு சொல்லில் முடித்திருப்பேன். அத்தானிடம் அது முடியவில்லை. அவருடைய அப்பா 30 ஆண்டுகள் ஒரு முதலாளியிடம் டிரைவராக இருந்தவர். அவர் ஓட்டியதும் பென்ஸ்தான். கழுவினார், துடைத்தார், ஓட்டினார். குடும்பத்தில் ஒருவர்கூட ஒரு நாளும் அதன் பின் இருக்கையில் உட்கார்ந்ததில்லை. அத்தானின் அம்மாவுக்கு இப்போது 79 வயது. எனக்கு அத்தை முறை. முழங்காலும் முதுகும் அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஆனாலும் மாதம் ஒருமுறை கிள்ளானிலிருந்து ஈப்போவுக்கு, மகள் வீட்டுக்குப் போய்வர ஆசை. அத்தான் அந்தப் படத்தில் பார்த்தது இதையெல்லாம். நான் பார்த்தது காரை மட்டும்.

இது டபிள்யூ221 என்ற தலைமுறை எஸ் கிளாஸ். 2005இல் வந்தது, 2009இல் முகம் மாறியது, 2013 வரை தயாரிப்பில் இருந்தது. ‘எல்’ என்றால் நீட்டிய உடல். நீட்டியதன் பலன் முழுவதும் பின்னால் உட்கார்பவரின் காலுக்குத்தான். எஞ்சின் 2,996 சிசி வி6, 231 குதிரைசக்தி. இவ்வளவு பெரிய உடலுக்கு அது சற்றுச் சிறியதுதான். ஆனால் நம் சாலை வரிக் கணக்கைப் பார்த்தால் அந்தச் சிறுமை இனிக்கும். தீபகற்பத்தில் தனியார் பெயரில் உள்ள இந்தக் காருக்கு ஆண்டுக்கு 2,120 ரிங்கிட். இதே உடலில் 3,498 சிசி எஞ்சின் வைத்த எஸ்350எல் என்றால் 4,371. ஜப்பான்காரர்களின் லெக்சஸ் எல்எஸ்460 நம்பிக்கைக்குப் பெயர் போனது. ஆனால் 4,608 சிசிக்கு 9,366 ரிங்கிட் வரி கட்டும்போது அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் காணும். பெஸ்ஸா 1.3க்கு எவ்வளவு என்று அத்தானிடம் கேட்டேன். “எழுவது” என்றார் மெதுவாக.

வரியைவிடப் பெரிய விஷயம் வேறு. புதிதில் இது அரை மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய கார். பதினைந்து ஆண்டில் காரின் விலை பத்தில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. உதிரிபாகங்களின் விலை அப்படி இறங்கவில்லை. அது இன்னும் அரை மில்லியன் காரின் உதிரிபாகம்தான். எந்தப் பாகங்கள் சொகுசைத் தருகின்றனவோ, அதே பாகங்கள்தான் முதலில் களைத்தும் போகின்றன. அதனால் பழைய பெரிய காரில் ‘சுகமாக இருக்கிறதா’, ‘நம்பலாமா’ என்று இரண்டு கேள்வி கிடையாது. இரண்டும் ஒன்றேதான். இன்றைக்குச் சுகம் எங்கே குறைகிறதோ, அங்கேதான் நாளைக்குப் பில் வரும்.

சனிக்கிழமை மாலை மூவரும் போனோம். நான் ஸ்டீயரிங் பக்கமே போகவில்லை. அத்தையோடு பின்னால் ஏறிக்கொண்டேன். இப்படிப்பட்ட காரை முதலில் பின்னால் உட்கார்ந்துதான் சோதிக்க வேண்டும். முன்னால் உட்கார்ந்தால் ஓட்டுகிற ஆசை கண்ணை மறைத்துவிடும். அத்தான் கதவை மெல்லத்தான் சாத்தினார். மிச்சத்தைக் கதவே இழுத்து மூடிக்கொண்டது. அத்தை திடுக்கிட்டு என் கையைப் பிடித்தார். கூட்டரசு நெடுஞ்சாலையில் 90இல் போகும்போது வெளியே மோட்டார் சைக்கிள்கள் போவது தெரிகிறது, சத்தம்தான் இல்லை. ஷா ஆலம் வருவதற்குள் அத்தை தூங்கிவிட்டார். அத்தான் கண்ணாடியில் அதைப் பார்த்தார். எனக்கு அப்போதே பயம் வந்தது. இவர் வாங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

திரும்பும் வழியில் ஒரு தாமானுக்குள் விடச் சொன்னேன். நெடுஞ்சாலையில் எந்தக் காரும் நல்ல கார்தான். வேகத்தடையில்தான் உண்மை தெரியும். முதல் மேட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் முன்பக்கம் வலது மூலையில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். அத்தை கண் விழித்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது இன்னொன்று தெரிந்தது. “கட்டில் மாதிரி இருக்குப்பா. ஆனா எழுந்திரிக்க முடியலயே” என்றார். தாழ்வான இருக்கை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு உட்கார்ந்த பிறகு கிடைக்கும் சுகம் வேறு, ஏறி இறங்கும் சுகம் வேறு. பெற்றோருக்காகக் கார் தேடுபவர்கள் அவர்களையே அழைத்துப்போய் ஐந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். எம்பிவி நல்லதா செடான் நல்லதா என்ற வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

இந்தக் காரில் அதற்கும் ஒரு வழி உண்டு. எஞ்சின் ஓடும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் கார் சற்று உயர்ந்து நிற்கும். அழுத்தினேன். இடது பக்கம் சீக்கிரம் எழுந்தது, வலது முன்பக்கம் யோசித்து யோசித்து எழுந்தது.

இதைப் புரிந்துகொள்ள ஏர்மேட்டிக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். சாதாரண காரில் சக்கரத்துக்கு மேல் இரும்புச் சுருள் இருக்கும். இதில் அந்த இடத்தில் காற்று அடைத்த ரப்பர் பை. ஒரு கம்ப்ரசர் காற்றை அனுப்புகிறது, வால்வுகள் பங்கிடுகின்றன, சென்சார்கள் உயரத்தைக் கவனிக்கின்றன. ஒருவர் ஏறினாலும் ஐந்து பேர் ஏறினாலும் கார் ஒரே உயரத்தில் நிற்கும். அத்தை தூங்கியது இந்தக் காற்றின் மேல்தான். ஆனால் ரப்பருக்கு வயது உண்டு, நம் வெயிலும் உண்டு. மடிப்பில் ஊசிமுனை அளவு வெடிப்பு விழும். காற்று கசியும். கசிந்த காற்றை நிரப்பக் கம்ப்ரசர் அடிக்கடி ஓடும். அது சிறுசிறு நேரம் ஓடுவதற்காகச் செய்தது. ஓயாமல் ஓடினால் சூடேறிக் கருகிவிடும். ஒரு பையில் தொடங்கும் செலவு இப்படித்தான் மூன்று பாகங்களுக்குப் பரவுகிறது. 15 ஆண்டு உழைத்த ரப்பரைக் குறை சொல்ல முடியாது. அதை மாற்றாமல் விற்க நினைப்பவரைத்தான் சொல்ல வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். தையல் டேப் போதும். கடை மூடும் நேரத்தில், எஞ்சினை நிறுத்தியவுடன், நான்கு சக்கரத்திலும் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளந்து எழுதினேன். மறுநாள் காலையில் கடைக்காரர் காரை ஸ்டார்ட் செய்யும் முன் போய் நின்றோம். அதுதான் முக்கியம், ஸ்டார்ட் செய்துவிட்டால் கம்ப்ரசர் எல்லாவற்றையும் மறைத்துவிடும். ராத்திரியில் நான்கு பக்கமும் ஒன்றுபோலக் கொஞ்சம் இறங்குவது குற்றமில்லை. இங்கே மூன்று பக்கம் அப்படியே இருந்தது. வலது முன்பக்கம் மட்டும் நான்கு சென்டிமீட்டர் கீழே.

கடைக்காரர் சிரித்தார். “பழைய கார் பாஸ், அப்படித்தான் இருக்கும். மூவாயிரம் குறைச்சுக்கிறேன்.”

அத்தான் என் முகத்தைப் பார்த்தார். நான் காரை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டேன். புஸ்பாகோம் சோதனை இருக்கிறதே என்றார் அவர். பெயர் மாற்றத்துக்கு அந்தச் சோதனை தேவைதான். ஆனால் கார் பாதுகாப்பாக ஓடுமா, சேஸிஸ் எண் சரியா என்று பார்ப்பது அது. காற்றுப்பை இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்வது அதன் வேலையல்ல.

பென்ஸ் மட்டுமே பார்க்கும் ஒரு தவுக்கே எனக்குப் பழக்கம். ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். எஞ்சின் எண்ணைப் பார்த்து முதலில் நல்ல செய்தி சொன்னார். இந்த எம்272 எஞ்சினின் தொடக்ககாலத் தயாரிப்புகளில் பேலன்ஸ் ஷாஃப்ட் பற்சக்கரம் சீக்கிரம் தேய்ந்துபோகும். அதை மாற்ற எஞ்சினையே கழற்ற வேண்டும். 2010ஆம் ஆண்டுக் கார் அந்தக் கண்டத்தைத் தாண்டியது. நீங்கள் 2006, 2007 பக்கம் பார்க்கிறீர்கள் என்றால் எஞ்சின் எண்ணைச் சரிபார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பிறகு கேம்ஷாஃப்ட் காந்தங்களின் அருகே எண்ணெய்க் கசிவைக் காட்டினார். சிறிய பாகம், சிறிய செலவு. ஆனால் விட்டுவைத்தால் எண்ணெய் வயருக்குள் ஊர்ந்து போய்விடும். ஏழு வேகக் கியர்பாக்ஸ் சூடான பிறகும் உதறாமல் மாறியது.

கணினியில் ஒரு பிழைக்குறிப்புகூட இல்லை. எனக்கு மகிழ்ச்சி. அவருக்கு இல்லை. எஞ்சினின் சுயசோதனைகள் பாதியில் நிற்பதைக் காட்டினார். யாரோ ஒன்றிரண்டு நாளைக்குள் பிழைக்குறிப்புகளை அழித்திருக்கிறார்கள். பேட்டரியை அண்மையில் கழற்றியிருந்தாலும் இப்படி இருக்கும்தான். ஆனால் பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஓட்டுநர் இருக்கையின் விளிம்புத் தோல் வெடித்திருந்தது. 98,000 கிலோமீட்டருக்கு அது அதிகம். சர்வீஸ் ரசீது ஒன்றுகூட இல்லை. பூட்டின் கம்பளத்தைத் தூக்கி முகர்ந்தும் பார்த்தார். 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் வட்டாரத்தில் எந்தக் காருக்கும் அவர் செய்யும் சடங்கு இது. இந்தக் காருக்குப் பேட்டரியே பூட்டில்தான். நல்லவேளை, வாடை இல்லை.

திரும்பி வரும்போது அத்தான் பேசவில்லை. சொந்தக்காரர்கள் இரண்டு பேருக்கு ஏற்கெனவே படம் அனுப்பியிருந்தார் என்று அக்கா பிறகு சொன்னாள். டீக்கடையில் உட்கார்ந்ததும் கேட்டார்.

“அப்ப வேணாங்கிற?”

“இந்தக் கார் வேணாம் அத்தான். இந்த மாடல் வேணாம்னு சொல்லல. 49 ஆயிரம் இருந்தா 49 ஆயிரத்துக்குக் கார் பாக்காதீங்க. வாங்கின அன்னைக்கே தனியா 15 ஆயிரம் எடுத்து வைக்க முடியுமா? அதைத் தொட்டா இபிஎஃப் பணத்துல ஓட்டை விழாதுல்ல? அப்படின்னா தேடுங்க. முடியாதுன்னா பெஸ்ஸாவே எடுத்துட்டு அத்தைக்கு நல்ல குஷன் வாங்கிப் போடுங்க.”

கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன். காப்புறுதியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது: 15 வயதைத் தாண்டிய காருக்கு முழுக் காப்புறுதி தரத் தயங்கும் நிறுவனங்கள் உண்டு, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். பெட்ரோலைப் பற்றி அவரே கேட்டார். டேங்க் 90 லிட்டர் என்றேன். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“எங்கப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பாரு?”

எனக்குத் தெரியவில்லை. முப்பது ஆண்டு பென்ஸ் ஓட்டியவர். அநேகமாக டேப்பை என்னிடமிருந்து வாங்கி அவரே அளந்திருப்பார்.

மூன்று வாரம் அந்தப் பேச்சே இல்லை. போன புதன்கிழமை காலை 7.10க்குப் புலனத்தில் ஒரு படம். யாருடைய வீட்டு வாசலிலோ வெள்ளி நிற எஸ்300எல். மட்கார்டின் மேல் அக்காவின் தையல் டேப். பக்கத்தில் அத்தானின் கட்டைவிரல். கீழே எழுதியிருந்தார்: “ராத்திரி பூரா நின்ன வண்டி. இடதும் வலதும் ஒண்ணா இருக்கு. ரசீது ஒரு ஃபைல் நிறைய வச்சிருக்காங்க. வெலதான் 12 ஆயிரம் கூட. தவுக்கே சனிக்கிழமை இருப்பாரா?”