உங்கள் லேப்டாப்பின் சாவி யாரிடம் இருக்கிறது? 48 இலக்க ரெகவரி கீ பற்றி ஒரு விளக்கம்

திங்கட்கிழமை காலை. பத்து மணிக்கு மீட்டிங். லேப்டாப்பைத் திறக்கிறீர்கள். வழக்கமான லாக் ஸ்கிரீன் வரவில்லை. நீல நிறத்தில் ஒரு திரை வந்து, 'பிட்லாக்கர் ரெகவரி கீ' கேட்கிறது. மொத்தம் 48 இலக்கம்.

பாஸ்வேர்டு மறக்கவில்லை. பின் நம்பரும் விரல் நுனியில் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்கவே இல்லையே! பிட்லாக்கர் என்ற ஒன்றை ஆன் செய்ததாகக்கூட உங்களுக்கு ஞாபகம் இல்லை. நேற்று இரவு அப்டேட் போட்டுவிட்டுத் தூங்கினீர்கள், அவ்வளவுதான்.

இது அபூர்வமான கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது. சமீபத்திய நான்கு சம்பவங்களைப் பாருங்கள்.

2024 ஜூலை 9: விண்டோஸின் மாதாந்திர பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, சில கணினிகள் நேராக ரெகவரி திரைக்குப் போயின. மைக்ரோசாஃப்ட் இதை ஒப்புக்கொண்டு, ஆகஸ்ட் 13 அப்டேட்டில் சரிசெய்தது.

2024 ஜூலை 19: கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பழுதான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. ஹைதராபாத் விமான நிலையத்தில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். 10 வங்கிகளுக்கும் வங்கி சாரா நிதி நிறுவனங்களுக்கும் சிறிய பாதிப்பு என்றது ரிசர்வ் வங்கி. பிட்லாக்கர் இதற்குக் காரணம் இல்லை. ஆனால் பழுதான ஃபைலை நீக்க 'சேஃப் மோட்' போக வேண்டியிருந்தது. என்க்ரிப்ஷன் இருந்த கணினிகளில் அங்கே போக அதே 48 இலக்கம் தேவைப்பட்டது. ஆயிரக்கணக்கான கணினிகள் உள்ள அலுவலகத்தில், ஒவ்வொன்றாக!

2025 மே 13: விண்டோஸ் 10 அப்டேட் ஒன்று, குறிப்பிட்ட வகை இன்டெல் பிராசஸர் உள்ள கணினிகளை ரெகவரி திரைக்குத் தள்ளியது. மே 19-ல் அவசரத் திருத்தம் வந்தது.

2025 அக்டோபர் 14: மீண்டும் அதே கதை. போதாக்குறைக்கு அந்த மாத அப்டேட், விண்டோஸ் 11-ன் பழுதுபார்க்கும் பகுதியில் யூஎஸ்பி கீபோர்டையும் மவுஸையும் வேலை செய்யவிடாமல் ஆக்கியது. அதற்கும் அக்டோபர் 20-ல் அவசரத் திருத்தம்.

இந்த அப்டேட் கோளாறுகளில் சிக்கியவர்களில் சாவி வைத்திருந்தவர்கள், அதை ஒருமுறை டைப் செய்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். இல்லாதவர்களுக்கு உள்ளே இருந்த ஃபைல்களைப் பெற வழியே இல்லை. சாவி எங்கே இருக்கிறது என்று தெரியுமா, தெரியாதா என்பது மட்டுமே இருவருக்கும் இடையிலான வித்தியாசம்.

பாஸ்வேர்டும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. இங்கேதான் பலரும் குழம்புகிறோம்.

பாஸ்வேர்டு என்பது வாசல் கதவின் பூட்டு. கதவு பூட்டியிருந்தாலும், கொல்லைப்புறம் திறந்தே கிடந்தால் திருடனுக்கு என்ன கஷ்டம்? என்க்ரிப்ஷன் இல்லாத லேப்டாப்பில், எஸ்எஸ்டியைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டினால் உங்கள் ஃபைல்கள் அப்படியே தெரியும். பாஸ்வேர்டு கேட்கவே கேட்காது. பாஸ்வேர்டை மறந்தவர்களுக்கு இதுவே வசதியாகவும் இருந்தது. கடையில் கொடுத்தால் 'டேட்டா எடுத்துத் தருகிறேன்' என்பார்கள். எடுத்தும் கொடுத்தார்கள்.

என்க்ரிப்ஷன் வேறு வகை. டிஸ்க்கில் உள்ள எல்லாமே சாவி இல்லாமல் படிக்க முடியாத வடிவத்தில்தான் எழுதப்படுகிறது. கழற்றி எங்கே மாட்டினாலும் வெறும் குப்பை எழுத்துகள்தான். திருடனுக்கு மட்டுமல்ல, சாவியைத் தொலைத்த உங்களுக்கும் அப்படித்தான்.

யார் இதை ஆன் செய்தது?

பெரும்பாலும் விண்டோஸ்தான். தகுதியான லேப்டாப்களில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' தானாக ஆன் ஆவது பழைய விஷயம். 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில் அதற்கான ஹார்டுவேர் நிபந்தனைகளை மைக்ரோசாஃப்ட் தளர்த்தியது. அதனால் இந்தப் பதிப்போடு வரும் புதிய கணினிகளிலும், இதைப் புதிதாக இன்ஸ்டால் செய்யும் கணினிகளிலும், ஹோம் எடிஷன் உட்பட, முதல் முறை மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழையும்போது என்க்ரிப்ஷன் ஆன் ஆகிவிடும். ரெகவரி கீ அந்தக் கணக்கில் சேமிக்கப்படும்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்தது. அதையொட்டி நீங்கள் லேப்டாப் மாற்றியிருந்தால், உங்கள் டிஸ்க் இப்போது பூட்டப்பட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தினமும் பின் போட்டுத் திறக்கும்போது இந்தப் பூட்டு கண்ணில் படாது. ஏதாவது தவறு நடக்கும் நாளில்தான் தெரியவரும்.

தினமும் திறக்கிற கணினி, ஒருநாள் மட்டும் ஏன் சந்தேகப்படுகிறது?

விண்டோஸ் 11-க்குக் கட்டாயமான டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப்தான் தினமும் உங்களுக்காகச் சாவியை எடுத்துக் கொடுக்கிறது. கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை நடத்துகிறது. கணினி கிளம்பும் விதம், அதாவது பயாஸ், செக்யூர் பூட் அமைப்பு, பூட் ஃபைல்கள் எல்லாம் நேற்று இருந்தது போலவே இருக்கின்றனவா என்று பார்க்கிறது. இருந்தால் பூட்டு சத்தமில்லாமல் திறக்கும். ஏதாவது மாறியிருந்தால், 'யாரோ கை வைத்திருக்கலாம்' என்று டிபிஎம் சாவியைத் தர மறுக்கும். உடனே நீலத் திரை.

பயாஸ் அப்டேட் செய்தாலும் இது நடக்கலாம். செக்யூர் பூட்டை மாற்றினாலும் நடக்கலாம். சர்வீஸ் சென்டரில் மதர்போர்டு மாற்றினால் நிச்சயம் நடக்கும். ஏனென்றால் உங்கள் சாவியை வைத்திருந்த டிபிஎம் பழைய போர்டோடு போய்விட்டது.

48 இலக்கத்தை உடைக்கவே முடியாதா?

கணக்கு போட்டுப் பார்ப்போம். ரெகவரி கீ என்பது ஆறு இலக்கம் கொண்ட எட்டுத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். (அதனால்தான் ஒரு இலக்கம் தவறாக அடித்தாலும் அந்தத் தொகுதியிலேயே கணினி கண்டுபிடித்துவிடுகிறது.) இந்த விதிப்படி ஒரு தொகுதிக்கு 65,536 வாய்ப்புகள். எட்டுத் தொகுதிக்கும் சேர்த்தால், 340-க்குப் பின்னால் 36 பூஜ்யங்கள் போட்ட எண்ணுக்கு அருகில் வரும்.

நொடிக்கு ஒரு லட்சம் கோடி முறை முயற்சி செய்யும் இயந்திரம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எல்லா வாய்ப்புகளையும் முடிக்க, பிரபஞ்சத்தின் இன்றைய வயதைப்போல 70 கோடி மடங்குக்கும் மேல் ஆகும்.

பாதுகாப்பு ஆய்வாளர்கள் வேறு வழியில் போயிருக்கிறார்கள். டிபிஎம் தனி சிப்பாக இருந்த ஒரு பழைய லேப்டாப்பில், சிப்புக்கும் பிராசஸருக்கும் இடையே ஓடும் தகவலை ஒட்டுக்கேட்டு, ஒரு நிமிடத்துக்குள் சாவியை எடுத்துக் காட்டினார் ஒருவர். அது 2024 பிப்ரவரியில். புதிய பிராசஸர்கள் பலவற்றில் டிபிஎம் உள்ளேயே இருப்பதால் அந்த வழி அங்கே எடுபடாது. ஆகவே ரிச்சி தெருவிலோ, எஸ்.பி. ரோட்டிலோ, நேரு பிளேஸிலோ யாராவது 'பிட்லாக்கரை எடுத்துடலாம் சார்' என்றால், பெரும்பாலும் அதன் அர்த்தம் ஃபார்மட் செய்வது. லேப்டாப் கிடைக்கும், ஃபைல் கிடைக்காது. தொலைந்த ரெகவரி கீயைத் தங்களால் தரவோ புதிதாக உருவாக்கவோ முடியாது என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது.

அப்படியானால் என் சாவி எங்கே?

நான்கு இடங்களில் தேடுங்கள்.

1. உங்கள் சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கு. போனிலிருந்தே உள்நுழைந்து, 'டிவைசஸ்' பகுதியில் பிட்லாக்கர் ரெகவரி கீகளைப் பார்க்கலாம். பல கீகள் இருந்தால், நீலத் திரையில் தெரியும் 'கீ ஐடி'யின் முதல் எட்டு எழுத்துகளை ஒப்பிட்டுச் சரியானதை எடுங்கள்.

2. அலுவலக அல்லது கல்லூரிக் கணக்கு. கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சொந்த லேப்டாப்பை முதலில் அலுவலக மெயில் ஐடி போட்டு செட்டப் செய்திருந்தால், சாவி அந்த நிறுவனத்தின் கணக்குக்குப் போயிருக்கலாம். வேலையை விடும் நாளில் அந்தக் கணக்கு மூடப்படும். லேப்டாப் உங்களுடையது, சாவி பழைய கம்பெனியினுடையது. ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

3. செட்டப் செய்து கொடுத்தவரின் கணக்கு. லேப்டாப் வாங்கிய கடைக்காரர், அண்ணன், கம்ப்யூட்டர் தெரிந்த பக்கத்து வீட்டுத் தம்பி. அவசரத்துக்குத் தங்கள் கணக்கையே போட்டுத் தந்திருந்தால் சாவி அங்கேதான் இருக்கும்.

4. பிரின்ட் அவுட், பென் டிரைவ். பிட்லாக்கரை நீங்களே ஆன் செய்திருந்தால், அப்போது இப்படி ஏதாவது ஒன்றில் சேமித்திருப்பீர்கள்.

சாவிக்கும் ஒரு சாவி உண்டு

சாவி உங்கள் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. சரி, அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு? மறந்திருந்தால் ஓடிபி வரும். எந்த எண்ணுக்கு? கல்லூரிக் காலத்தில் வைத்திருந்த பழைய நம்பருக்கு.

இந்தியாவில் இது சாதாரண சிக்கல் இல்லை. வேலைக்காக ஊர் மாறுகிறோம், நம்பரும் மாறுகிறது. முடக்கப்பட்ட எண் குறைந்தது 90 நாட்களுக்கு வேறு யாருக்கும் தரப்படாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் டிராய் தெரிவித்தது. அதாவது 90 நாட்களுக்குப் பிறகு தரப்படலாம். உங்கள் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவரின் போனுக்குப் போகும். பழைய எண்ணும் பழைய மெயிலும் இல்லை என்று எல்லாத் தகவலையும் ஒரேயடியாக மாற்றினால், மைக்ரோசாஃப்ட் கணக்கில் 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். பத்து மணி மீட்டிங்குக்கு இது ஆகுமா?

பின் மட்டும் மறந்துவிட்டால்?

இது சின்னப் பிரச்சினை. லாக் ஸ்கிரீனிலேயே 'பின் மறந்துவிட்டேன்' என்ற தேர்வு இருக்கிறது. இன்டர்நெட் இருந்தால், கணக்கின் பாஸ்வேர்டும் ஓடிபியும் கொடுத்துப் புது பின் வைக்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் லோக்கல் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு, செட்டப்பில் பதில் சொன்ன மூன்று பாதுகாப்புக் கேள்விகள் உதவும். 'பிறந்த ஊர்?' என்பதற்கு விளையாட்டாக ஏதாவது எழுதியிருந்தால், அந்த விளையாட்டும் ஞாபகம் இருக்க வேண்டும்!

மேக் பயன்படுத்துபவர்களுக்கு ஃபைல்வால்ட் இருக்கிறது. ரெகவரி கீயை நீங்களே எழுதி வைத்தீர்களா, ஐகிளவுட் வழியாக மீட்கும் தேர்வை எடுத்தீர்களா என்று பாருங்கள். லினக்ஸில் டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்தவர்களுக்கு, பாஸ்ஃபிரேஸை மறந்தால் கைகொடுக்க எந்த கிளவுடும் கிடையாது.

பேசாமல் ஆஃப் செய்துவிடலாமா?

செய்யலாம். ஆனால் யோசித்துச் செய்யுங்கள். ரயிலில் தொலையும் லேப்டாப்பில் பான் கார்டு ஸ்கேன், சம்பள ஸ்லிப், குடும்பப் படங்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் இருக்கும். என்க்ரிப்ஷன் இருந்தால், போனது லேப்டாப் மட்டும்தான்.

மறுபக்கமும் உண்டு. கிளவுடில் இருக்கும் சாவியை நீங்கள் மட்டுமே எடுக்க முடியும் என்றில்லை. குவாமில் நடந்த ஒரு மோசடி விசாரணையில், நீதிமன்ற வாரண்டின் பேரில் மைக்ரோசாஃப்ட் எஃப்பிஐக்கு ரெகவரி கீகளைக் கொடுத்ததாக 2026 ஜனவரியில் ஃபோர்ப்ஸ் செய்தி வெளியிட்டது. ஆண்டுக்குச் சுமார் 20 இத்தகைய கோரிக்கைகள் வருவதாக நிறுவனமே சொன்னது. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-வது பிரிவு, குறிப்பிட்ட காரணங்களுக்காகத் தகவலை டிக்ரிப்ட் செய்யச் சொல்லும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. உதவ மறுத்தால் 7 ஆண்டுகள் வரை சிறை.

பத்திரிகையாளர், வழக்கறிஞர் போன்றவர்கள் சாவியை கிளவுடில் வைப்பதா, காகிதத்தில் வைப்பதா என்று யோசிக்க இது நியாயமான காரணம். நம்மில் பெரும்பாலானோருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து, சாவியைத் தொலைத்துவிட்டு நாமே வெளியே நிற்பதுதான்.

இன்றே செய்ய வேண்டியவை

- செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' போய், 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள்.
- ஆன் என்றால், சாவியைக் கண்டுபிடித்து ஒரு தாளில் எழுதி, சர்டிஃபிகேட் ஃபைலோடு வையுங்கள். அதே லேப்டாப்பில் நோட்பேடில் சேமிப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவதற்குச் சமம். லேப்டாப் பையிலும் வேண்டாம்.
- மைக்ரோசாஃப்ட் கணக்கில் இப்போதைய மொபைல் எண்ணும் இன்னொரு மெயில் ஐடியும் இருக்கின்றனவா பாருங்கள்.
- பயாஸ் அப்டேட்டுக்கு முன்பும், சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன்பும் சாவி கையில் இருக்கட்டும்.
- முக்கியமான ஃபைல்களுக்கு வெளியே ஒரு காப்பி வையுங்கள். சாவி தொலைந்தாலும் ஃபைல் தொலையாமல் இருக்க அது ஒன்றுதான் வழி.
- இருக்கையை விட்டு எழும்போது விண்டோஸ் பட்டனையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். திறந்து கிடக்கும் லேப்டாப்புக்கு எந்த என்க்ரிப்ஷனும் காவல் இல்லை.

எல்லாம் சேர்த்துப் பத்துப் பதினைந்து நிமிட வேலை. ஊரில் இருக்கும் அப்பாவுக்கு லேப்டாப் செட்டப் செய்து கொடுத்தது நீங்கள் என்றால், அவருடைய சாவியும் இப்போது உங்கள் கணக்கில்தான் இருக்கும். அடுத்த முறை போனில் பேசும்போது அதையும் அவரை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.