200 ரூபா: கைத்தடியா, மருந்தா? தொழிலாளரின் சம்பளத்தில் அரசாங்கம் பங்கெடுப்பது பற்றி

ஜனாதிபதி அநுரகுமார திஸாநாயக்க, நிதியமைச்சர் என்ற வகையில், 2025 நவம்பர் 7 ஆம் திகதி 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை நாடாளுமன்றத்தில் சமர்ப்பித்தார். பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவிலிருந்து 1,750 ரூபாவாக உயரும் என்று அதில் அறிவிக்கப்பட்டது. மலையகத்தில் மகிழ்ச்சியுடன் வரவேற்கப்பட்ட அந்த அறிவிப்பினுள் இதுவரை நம் நாட்டில் பெரிதாக விவாதிக்கப்படாத ஒரு விடயமும் இருந்தது. கூடுகின்ற 400 ரூபாவில் பாதியை மட்டுமே கம்பனிகள் கொடுக்கும். மீதி 200 ரூபாவை வருகைக்கான ஊக்குவிப்புத் தொகை என்ற பெயரில் அரசாங்கம் கொடுக்கும். அதற்கென 5,000 மில்லியன் ரூபா, அதாவது 500 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது.

தனியார் கம்பனியில் வேலை செய்யும் தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு பகுதியை மக்களின் வரிப்பணத்திலிருந்து கொடுக்கலாமா? கொடுத்தால் பொருளாதாரம் நிமிருமா? அல்லது கம்பனிகளின் பொறுப்பை அரசாங்கம் தன் தலையில் சுமந்து கொள்வதாக அது முடியுமா? ஆட்சியை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் உணர்ச்சியை ஒதுக்கிவைத்து யோசிக்க வேண்டிய கேள்விகள் இவை.

உலகில் இது புதிதல்ல

கொவிட் காலத்தில் பிரித்தானிய அரசாங்கம் வேலையின்றி வீட்டிலிருந்த ஊழியர்களின் சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண் என்ற உச்சவரம்புடன், தானே பொறுப்பேற்றது. 2020 மார்ச் முதல் 2021 செப்டெம்பர் வரை நீடித்த அந்தத் திட்டத்தினால் ஒரு கோடியே 17 இலட்சம் வேலைகள் ஏதோ ஒரு கட்டத்தில் தாங்கப்பட்டன. செலவு ஏறத்தாழ 70 பில்லியன் பவுண். புலம்பெயர்ந்து அங்கு கடைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்த நம்மவர்கள் பலருக்கும் இந்தத் திட்டம் நன்கு தெரியும்.

ஜேர்மனியில் இந்த ஏற்பாடு இன்னும் பழையது. வேலை குறையும் காலத்தில் தொழிலாளியை நிறுத்தாமல் வேலை நேரத்தைக் குறைத்துவிட்டு, இழந்த சம்பளத்தில் 60 சதவீதத்தை, பிள்ளைகள் உள்ளவர்களுக்கு 67 சதவீதத்தை அரசு கொடுக்கும். 2009 இல் அந்த நாட்டின் பொருளாதாரம் 5 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியபோதும் வேலையின்மை பெரிதாக உயராததற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம். தொழில் மீண்டபோது தொழிற்சாலையில் பழகிய கைகள் அங்கேயே இருந்தன.

அதே காலத்தில் நம் நாட்டில் நடந்தது வேறு. 2020 ஏப்ரல், மே மாதங்களில் அரசாங்கம் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 5,000 ரூபா கொடுத்தது. அது நிவாரணமேயன்றிச் சம்பளம் அல்ல. வேலைக்கு அழைக்கப்படாத தனியார் துறை ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தின் பாதி அல்லது 14,500 ரூபா, இரண்டில் எது கூடுதலோ அதை முதலாளியே கொடுக்க வேண்டும் என்று முத்தரப்பு இணக்கம் காணப்பட்டது. கட்டுநாயக்கவின் வாடகை அறைகளில் இருந்த ஆடைத் தொழிலாளருக்கு அரசின் பணம் சம்பளமாக வந்து சேரவில்லை. அந்த வகையில், தோட்டத் தொழிலாளருக்கான இந்த 200 ரூபா நமக்கு ஒரு புதிய வழி.

பணம் எங்கே போகும்?

மாதம் 25 நாள் வேலை கிடைக்கும் ஒரு தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 400 ரூபா கூடினால் மாதம் 10,000 ரூபா கூடும். அதில் அரசின் பங்கு 5,000 ரூபா. இந்தப் பணம் என்னவாகும் என்பதை அறியப் பெரிய ஆய்வு தேவையில்லை. அது ஹட்டனிலும் பண்டாரவளையிலும் உள்ள கடைகளின் கடன் கொப்பிகளைத்தான் முதலில் தேடிப்போகும். பிறகு அரிசி, மா, தேங்காய் எண்ணெய், பிள்ளையின் சப்பாத்து, தகரக் கூரைக்கு இரண்டு தகடு என்று போகும்.

வசதியுள்ளவரின் கையில் கூடும் 5,000 ரூபா வங்கியில் தங்கலாம். வறியவரின் கையில் கூடும் பணம் அந்த மாதத்திலேயே கடைக்கும், கடைக்காரரிடமிருந்து மொத்த வியாபாரிக்கும், அங்கிருந்து விவசாயிக்கும் லொறிச் சாரதிக்கும் போகும். பெறுமதி சேர் வரி 18 சதவீதமாக உள்ள நாட்டில், அதில் ஒரு பகுதி திறைசேரிக்கே திரும்பியும் வரும். சம்பளத்தைக் கூட்டிப் பொருளாதாரத்தை நிமிர்த்தலாம் என்ற வாதத்தின் அடிப்படை இதுதான்.

மலையகத்தைப் பொறுத்தவரை இந்த வாதத்துக்குப் பலம் அதிகம். 2019 இல் நடத்தப்பட்ட அரசின் குடும்ப வருமான செலவின ஆய்வின்படி நாட்டின் வறுமை வீதம் 14.3. தோட்டப்புறத்தில் அது 33.8. அதற்குப் பின்னர்தான் 2022 இன் நெருக்கடி வந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. விலைகள் ஏறிய வேகம் குறைந்ததே தவிர, ஏறிய விலைகள் இறங்கவில்லை. சம்பளமோ ஆமை வேகத்தில் நகர்ந்தது. 1,000 ரூபா என்ற கோரிக்கை பல ஆண்டுகள் வீதியில் நின்ற பின்னர் 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் ஏறியது. 2024 மே தினத்தில் 1,700 ரூபா என்று அறிவிக்கப்பட்டபோது கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. இறுதியில் அந்த ஆண்டு செப்டெம்பரில் கிடைத்தது 1,350 ரூபா. அப்படிப் பார்த்தால், வழக்கும் வேலைநிறுத்தமும் இல்லாமல் இன்னொரு 400 ரூபா கிடைப்பதற்கு அரசின் 200 ரூபா வழி திறந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் வேறு விதமாகவும் நடந்திருக்கிறது

அமெரிக்காவில் கொவிட் காலத்தில் சிறு நிறுவனங்கள் தமது ஊழியரை நிறுத்தாமலிருக்க ஏறத்தாழ 800 பில்லியன் டொலர் கடனாக வழங்கப்பட்டுப் பின்னர் பெரும்பாலும் தள்ளுபடி செய்யப்பட்டது. அதை ஆராய்ந்த பொருளியலாளர்கள், வேலை இழந்திருக்கக்கூடிய தொழிலாளரைச் சென்றடைந்தது அந்தப் பணத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் என்று கணித்தனர். மீதி பெரும்பாலும் உரிமையாளரிடமும் பங்குதாரரிடமும் போய்ச் சேர்ந்தது. தொழிலாளியின் பெயரில் கொடுக்கப்படும் பணம் எல்லாம் தொழிலாளிக்குப் போவதில்லை.

இந்த வகையில் நம் திட்டத்துக்கு மிக நெருக்கமான உதாரணம் சிங்கப்பூர். குறைந்த சம்பளக்காரருக்குச் சம்பளம் கூட்டும் முதலாளிகளுக்கு, அந்தக் கூட்டலில் ஒரு பங்கை அரசு கொடுக்கும் திட்டம் 2022 இல் தொடங்கியது. அந்தப் பங்கு 2024 இல் 50 சதவீதம், 2025 இல் 40, 2026 இல் 20 என்று இறங்கியது. பிரித்தானியாவிலும் இறுதி மாதங்களில் அரசின் பங்கு 80 இலிருந்து 70 ஆகி, பின்னர் 60 ஆனது. முதலாளியின் பங்கு அதற்கேற்பக் கூடியது. அரசு எந்த அளவுக்கு வரும், எப்போது விலகும் என்பதை முதலாளி முன்கூட்டியே அறிந்திருந்தார்.

நம் 200 ரூபாவோடு அப்படியொரு படிக்கட்டு அறிவிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு யார் கொடுப்பார்? அரசின் பங்கு குறையும்போது கம்பனியின் பங்கு கூடுமா? அல்லது அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில், அரசாங்கம் இன்னும் 200 ரூபா போட்டால் நாங்களும் போடுகிறோம் என்று கம்பனிகள் சொல்லப் பழகிவிடுமா?

1992 இல் தோட்டங்களின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோது, அரசாங்கம் நடத்தினால் நட்டம், தனியார் நடத்தினால் இலாபம் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரும் சம்பளத்துக்குத் திறைசேரி கை கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்த வாக்குறுதி என்னவாயிற்று என்று கேட்கும் உரிமை வரி செலுத்தும் ஒவ்வொருவருக்கும் உண்டு. உற்பத்திச் செலவு தாங்கவில்லை என்பது கம்பனிகளின் நிரந்தர வாதம். அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் கணக்குப் புத்தகங்களைத் திறந்து காட்டுவதே அரச பணம் பெறுவதற்கான முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும்.

பெயரில் இருக்கிறது விடயம்

எல்லாவற்றையும் விட முக்கியமானது, இந்த 200 ரூபாவுக்கு வைக்கப்பட்ட பெயர். அது சம்பளம் என்று அழைக்கப்படவில்லை. வருகைக்கான ஊக்குவிப்பு என்றே அழைக்கப்படுகிறது. தொழிலாளியின் கையில் விழும்போது இரண்டும் ஒரே நோட்டுத்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவை ஒன்றல்ல.

ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமும் செலுத்த வேண்டும். இந்த 200 ரூபா சம்பளத்தில் சேராவிட்டால், மாதம் 5,000 ரூபாவுக்கான 15 சதவீதம், அதாவது 750 ரூபா அந்தத் தொழிலாளியின் கணக்கில் ஒவ்வொரு மாதமும் வராமல் போகும். 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வோர் ஆண்டு சேவைக்கும் 14 நாள் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வு பெறும் ஒரு பெண்ணுக்கு, இந்த 200 ரூபா அவரது சம்பளத்தில் சேர்ந்திருந்தால் பணிக்கொடை 84,000 ரூபாவால் கூடும். சேராவிட்டால் அது இல்லை. தேயிலைச் செடியின் அடியில் முதுகு வளைந்த ஒருவரின் முதுமையில் 84,000 ரூபா சிறிய தொகை அல்ல.

அடுத்தது, வருகை என்ற சொல். பெரட்டுக்களத்துக்கு வருவது தொழிலாளி. வேலை கொடுப்பது தோட்ட நிர்வாகம். மழைக் காலத்திலும் கொழுந்து குறைந்த காலத்திலும் வாரத்தில் மூன்று நாள் வேலை என்றால், வருவதற்குத் தயாராக இருந்தும் வர முடியாதவருக்கு எந்த ஊக்குவிப்பும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கி 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. பாதையும் இல்லாமல் லயமும் இல்லாமல் ஒரு பாடசாலையில் தங்கியிருப்பவர் எப்படி வருகை தருவார்? ஜேர்மனியிலும் பிரித்தானியாவிலும் வேலை இல்லாத நாளுக்குத்தான் அரசு சம்பளம் கொடுத்தது. நாம் வேலை இருக்கும் நாளுக்கு மட்டும் கொடுக்கிறோம். தொழிலாளி மிகவும் தளர்ந்திருக்கும் நாளில் இந்தத் திட்டம் அவரைத் தேடி வராது.

யாருக்கு இல்லை?

ஒதுக்கப்பட்ட 500 கோடி ரூபாவை 200 ஆல் வகுத்தால் இரண்டரைக் கோடி வேலை நாட்கள் வரும். ஆண்டு முழுவதும் மாதம் 25 நாள் என்று கணக்கிட்டால் அது ஏறத்தாழ 83,000 பேருக்குப் போதுமானது. ஆனால் நாட்டின் தேயிலையில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டது சிறு தோட்ட உரிமையாளரிடமிருந்து வருகிறது. அவர்களது காணிகளில் நாட்கூலிக்குக் கொழுந்து பறிப்பவருக்கும் அதே பசிதான். கைக்காசுக்குப் பறிப்பவரின் நிலையும் அதுவே. 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா என்ற தேசிய குறைந்தபட்சச் சம்பளத்தில் வேலை செய்யும் ஆடைத் தொழிலாளி, எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டால் அதற்கும் ஒரு நேர்மையான பதில் தேவை. இருநூறு ஆண்டு அநீதியின் நிலுவை மலையகத்துக்கு முதலில் கொடுக்கப்படுகிறது என்பது அந்தப் பதிலாக இருக்கலாம். ஆனால் அதை அரசாங்கம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

எல்லோருக்கும் கொடுக்கத் திறைசேரியில் இடமில்லை என்பதும் உண்மையே. சர்வதேச நாணய நிதியத்துடனான உடன்படிக்கையின்படி, வட்டிச் செலவு நீங்கலாக மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 2.3 சதவீதத்தை உபரியாக வைத்திருக்க வேண்டும். ஆகவே கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவும் யார் கையில் நிற்கிறது என்பதைப் பார்த்தே கொடுக்க வேண்டியுள்ளது.

என்ன செய்யலாம்?

இந்த 200 ரூபாவை எதிர்ப்பது சரியல்ல. அதை மலையகத்துக்கான பிச்சை என்று சொல்வது அதைவிடத் தவறு. தேயிலை ஏற்றுமதி 2024 இல் ஈட்டித்தந்த ஏறத்தாழ 1.4 பில்லியன் டொலரில் அந்தக் கைகளின் பங்கு இருக்கிறது. ஆனால் அதைத் திருத்த வேண்டும்.

முதலாவதாக, இந்தத் தொகை சேமலாப நிதிக்கும் பணிக்கொடைக்கும் கணக்கிடப்படும் சம்பளமாக ஆக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, அரசின் பங்கு ஆண்டுதோறும் எவ்வளவு குறையும், கம்பனியின் பங்கு எவ்வளவு கூடும் என்பது இப்போதே எழுத்தில் வர வேண்டும். மூன்றாவதாக, வேலை கொடுக்கப்படாத நாளுக்கும், அனர்த்தத்தால் வேலைக்குப் போக முடியாத நாளுக்கும் தொழிலாளியைத் தண்டிக்காத விதி வேண்டும். நான்காவதாக, அரச பணம் பெறும் கம்பனி தனது கணக்கையும், நடாமல் காடாக விட்ட காணியின் அளவையும் வெளியிட வேண்டும்.

இவை நடந்தால் இந்த 200 ரூபா ஒரு மருந்தாக இருக்கும். குறித்த காலத்துக்குக் கொடுக்கப்பட்டு, நோய் தீர்ந்ததும் நிறுத்தப்படும். நடக்காவிட்டால், அது கம்பனிகள் ஊன்றி நடக்கப் பழகிய கைத்தடியாக மாறும். ஒருநாள் ஏதோ ஓர் அரசாங்கம் அந்தக் கைத்தடியைப் பறிக்கும்போது விழப்போவது கம்பனி அல்ல. நிரையில் நிற்கும் தொழிலாளிதான்.