நாப்பி கட்டினால் கால் வளைந்துவிடுமா?

பிரசவம் முடிந்து மகள் தாய்வீட்டுக்கு வந்த சில நாள்களிலேயே இந்த வாக்குவாதம் பல வீடுகளில் தொடங்கிவிடும்.

"ஏன்டி, ரெண்டு காலுக்கும் நடுவுல இவ்வளவு துணியை மூட்டையாட்டம் கட்டி வெச்சிருக்கே? நாளைக்குப் பொண்ணு காலை அகட்டி அகட்டி நடக்கப் போறா பாரு!"

"கட்டலைன்னா ஒரு ராத்திரிக்கு நாலு தடவை விரிப்பை மாத்தணும்மா. நீயா துவைக்கப் போறே?"

அம்மா வாயை மூடிக்கொள்வார். ஆனால், மறுநாள் காலையில் குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டிய கையோடு, இரண்டு கால்களையும் சேர்த்து நேராக நீவி, பழைய வேட்டித் துணியால் இறுக்கிச் சுற்றிப் படுக்க வைப்பார். "இப்படி வெச்சாத்தான் கால் நேரா வளரும்" என்பார்.

அந்தப் பாட்டி பயப்படும் விஷயத்தில் ஆபத்து இல்லை. பயமே இல்லாமல் செய்கிறாரே, அதில்தான் ஆபத்து இருக்கிறது.

வளைந்த கால் எங்கிருந்து வருகிறது?

கர்ப்பப் பையில் குழந்தை கால்களை மடக்கி, குறுக்கிக்கொண்டுதான் வளர்கிறது. அதனால், பிறக்கும்போதே கால்கள் வெளிப்பக்கமாகச் சற்று வளைந்திருப்பது இயல்பு. நடக்கப் பழகும் வயதில் இந்த வளைவு இன்னும் நன்றாகக் கண்ணில் படும். பாட்டிகள் பழியை நாப்பி மேல் போடுவதும் அப்போதுதான். உண்மையில், சுமார் இரண்டு வயதுக்குள் இந்த வளைவு தானாகவே நேராகிவிடும். மூன்று, நான்கு வயதில் முட்டிகள் ஒன்றையொன்று தொடுவதுபோல உள்பக்கமாகச் சாயும். ஏழு வயதுக்குள் அதுவும் பெரும்பாலும் சரியாகிவிடும். இந்த மாற்றங்களுக்கும் இடுப்பில் கட்டும் துணிக்கும் சம்பந்தமில்லை.

இரண்டு வயதுக்குப் பிறகும் வளைவு கூடிக்கொண்டே போனாலோ, ஒரு கால் மட்டும் வளைந்திருந்தாலோ, மணிக்கட்டு தடித்துக் காணப்பட்டாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். வைட்டமின் டி குறைவால் வரும் ரிக்கெட்ஸ் நோயாக அது இருக்கலாம். தாய்ப்பாலில் இந்த வைட்டமின் குறைவு என்பதால்தான், முதல் ஒரு வருடம் தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள் குழந்தை நல மருத்துவர்கள்.

நடையில் ஒரு சின்ன இடைஞ்சல்

அப்படியென்றால் நாப்பியால் எந்தப் பாதிப்புமே இல்லையா? கொஞ்சம் உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் பல்கலைக்கழகத்தில், குழந்தைகளின் அசைவுகளை ஆராயும் கேரன் அடால்ஃப் குழுவினர் 2012-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 13 மாதம், 19 மாதம் நிரம்பிய 60 குழந்தைகளை மூன்று விதமாக நடக்க வைத்துப் பார்த்தார்கள். ஒருமுறை தடிமனான துணி நாப்பியுடன், ஒருமுறை கடையில் விற்கும் டயப்பருடன், ஒருமுறை இடுப்பில் எதுவும் இல்லாமல். எதுவும் கட்டாமல் நடந்தபோதுதான் நடை சீராக இருந்தது. நாப்பி கட்டியபோது தடுமாற்றமும் விழுதலும் அதிகம். மெல்லிய டயப்பர்கூட நடையைக் கொஞ்சம் கெடுக்கத்தான் செய்தது.

இது கட்டியிருக்கும் நேரத்து இடைஞ்சல். எலும்பு வளைகிறது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. நம் கிராமங்களில் இடுப்பில் அரைஞாண் கயிறு மட்டும் கட்டிக்கொண்டு முற்றத்தில் நடை பழகிய குழந்தைகளுக்கு இந்த இடைஞ்சலும் இருந்ததில்லை.

எப்போது நடக்க வேண்டும் என்பதிலும் பதற்றம் வேண்டியதில்லை. இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் குழந்தைகளைக் கவனித்து, உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட கணக்குப்படி, எட்டு மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை எப்போது தனியாக நடந்தாலும் அது இயல்புதான். நம் பிள்ளைத்தமிழ் மரபில், குழந்தை நடந்துவரும் 'வருகைப் பருவம்' பதின்மூன்றாம் மாதம் என்று வகுத்திருக்கிறார்கள். ஏறக்குறைய அந்தக் கணக்கின் நடுவில் அது வருகிறது.

கட்டக் கூடாதது கால்களை

இனி, பாட்டி பயப்படாமல் செய்த காரியத்துக்கு வருவோம். இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்துக்குள் பந்து உட்கார்ந்திருப்பது போன்ற அமைப்பு. பிறந்த குழந்தைக்கு அந்தக் கிண்ணம் ஆழமில்லாமல், குருத்தெலும்பாக இருக்கும். தொடைகள் மடங்கி, பக்கவாட்டில் விரிந்திருக்கும்போது, பந்து கிண்ணத்தின் நடுவில் அமர்ந்து அதை ஆழமாக்குகிறது. கால்களைச் சேர்த்து, நீட்டி, இறுக்கிச் சுற்றினால் பந்து கிண்ணத்தின் விளிம்புக்குத் தள்ளப்படுகிறது. ஏற்கெனவே மூட்டு தளர்வாக இருக்கும் குழந்தைக்கு, இதனால் மூட்டு விலகியே போகலாம்.

இதை ஒரு நாடே அனுபவப்பட்டுத் தெரிந்துகொண்டது. ஜப்பானில் முன்பு, கால்கள் நீண்டு இருக்கும்படி துணி நாப்பியை இறுக்கிச் சுற்றும் வழக்கம் இருந்தது. அங்கே நூறு குழந்தைகளில் ஒன்றுக்கு மேல் இடுப்பு மூட்டு விலகும் பிரச்னை இருந்தது. 1970-களில் அங்குள்ள எலும்பு மருத்துவர்கள் ஓர் இயக்கமாகவே இறங்கி, கால்கள் தாராளமாக மடங்கி விரியும்படி நாப்பி கட்டத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிரச்னை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. துணி நாப்பியை அவர்கள் கைவிடச் சொல்லவில்லை. கட்டும் விதத்தைத்தான் மாற்றினார்கள்.

நம் வீட்டுப் பெண்கள் குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளும்போது, அதன் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து, மடங்கி இருக்குமே... மூட்டுக்குத் தேவையான நிலை அதுதான்.

நாப்பி மாற்றும் நேரத்தில் கவனிக்க...

மூட்டு விலகியிருந்தாலும் கைக்குழந்தைக்கு வலிக்காது, அழாது. அதனால்தான் நடக்கும் வயதுவரை இது பலருக்குத் தெரிவதில்லை. ஆனால், ஒரு நாளைக்குப் பத்து முறை நாப்பி மாற்றும் கைகளுக்குத் தெரியும். கவனிக்க வேண்டியவை இவை:

● இரண்டு தொடைகளும் ஒரே அளவுக்கு விரிகின்றனவா, ஒரு பக்கம் மட்டும் விரிய மறுக்கிறதா?

● முட்டிகளை மடக்கிப் பிடித்தால், ஒரு முட்டி மட்டும் தாழ்வாகத் தெரிகிறதா?

● ஒரு காலை மட்டும் குறைவாக உதைக்கிறதா?

● நடக்கத் தொடங்கிய பிறகு, ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறதா?

தொடை மடிப்புகள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இல்லாமல் இருப்பது ஆரோக்கியமான குழந்தைகளுக்கும் உண்டு. அது மட்டுமே நோயின் அடையாளம் ஆகாது. சந்தேகம் வந்தால், காலை அழுத்தி விரித்துப் பார்ப்பதோ, எண்ணெய் போட்டு இழுத்து நீவுவதோ கூடாது. மருத்துவரிடம் போவதே சரி.

பெண் குழந்தை, வயிற்றில் தலை மேலாக இருந்து பிறந்த குழந்தை, குடும்பத்தில் ஏற்கெனவே இந்தப் பிரச்னை உள்ள குழந்தை ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். வயிற்றில் தலை மேலாக இருந்தது என்றால், சிசேரியனில் பிறந்திருந்தாலும் ஆறு வார வாக்கில் இடுப்புக்கு ஸ்கேன் தேவையா என்று கேட்டுவிட வேண்டும். ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்தால், கால்களை மடக்கி விரித்த நிலையில் வைக்கும் பட்டைகளை அணிவித்தே பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். நடக்கும் வயதில் கண்டுபிடித்தால், அறுவை சிகிச்சையும் மாதக்கணக்கில் மாவுக்கட்டும் தேவைப்படலாம். 'இரண்டு நாப்பியைச் சேர்த்துக் கட்டினால் சரியாகிவிடும்' என்று சிலர் சொல்வார்கள். அது சிகிச்சை ஆகாது, நாள்தான் வீணாகும்.

எப்படிக் கட்டலாம்?

மெல்லிய பருத்தித் துணியை முக்கோணமாக மடித்து, முடிச்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டினால் போதும். முட்டிகளைத் தாராளமாக மடக்கி உதைக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ஈரமானதும் மாற்றி, சோப்பு போக நன்றாக அலசி, வெயிலில் உலர்த்தினால் புண் வராது. இரவிலும் பயணத்திலும் டயப்பர் போடுவது குற்றமில்லை. கனத்துத் தொங்கும்வரை விடாமல் இருந்தால் சரி. குளிருக்குத் துணியைச் சுற்றுவதென்றால், இடுப்புக்குக் கீழே தளர்வாக இருக்கட்டும். குழந்தை குப்புற விழ முயலத் தொடங்கியதும் சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும்.

தினமும் கொஞ்ச நேரம், பக்கத்தில் ஆள் இருக்கும்போது, எதுவும் கட்டாமல் பாயில் விட்டால் தோலுக்கும் காற்றுப்படும். கால்களும் இஷ்டம்போல் உதைக்கும். நடை பழகும் வயதிலும் இது நல்லது.

அந்த வீட்டில் மகள் துணி நாப்பியைத் தாராளமாகக் கட்டட்டும். பாட்டியும் குளிப்பாட்டட்டும், சாம்பிராணி காட்டட்டும். அந்த வேட்டித் துணியை மட்டும் காலில் இறுக்கிச் சுற்றாமல், நான்காகக் கிழித்து நாப்பியாக்கிக் கொடுத்துவிட்டால் போதும்.