கெலவரப்பள்ளிக்கு வருவது ஆறா, பெங்களூரு சாக்கடையா?

ஓசூர் கெலவரப்பள்ளி அணை மதகில் வெள்ளை வெள்ளையா நுரை பொங்குற வீடியோவை வருஷா வருஷம் பார்க்கிறோம். "ஓசூர்ல பனிமழை"ன்னு சிரிச்சிட்டு அடுத்த ரீல்ஸுக்குப் போயிடுறோம்.

அது பெங்களூரு வீட்டுச் சோப்புத்தண்ணியும் ஆலைக் கழிவும். பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியா தென்பெண்ணையில் கலந்து, கொடியாளத்துல தமிழ்நாட்டுக்குள்ள நுழையுது. இந்த அணையை நம்பி சுமார் 8,000 ஏக்கர் பாசனம் இருக்கு. அங்க விளையுற தக்காளி, கீரை உங்க தட்டுக்குத்தான் வருது.

"கழிவுநீரை விவசாயத்துக்குக் கொடுத்தா என்ன தப்பு, இஸ்ரேலைப் பாருங்க"ன்னு கமெண்ட்ல சில அறிவாளிகள். பார்த்தோம் சார். டெல் அவிவ் கழிவுநீரை ஆலையில் சுத்திகரிச்ச பிறகும் மணலுக்குள்ள இறக்கி, வடிகட்டி, மறுபடி மேல எடுத்துத்தான் நெகேவ் வயலுக்கு அனுப்புறாங்க. மறுபயன்பாட்டை நாங்க எதிர்க்கல. அந்தப் பேரைச் சொல்லி சாக்கடையைத் திறந்துவிடுற பித்தலாட்டத்தைத்தான் எதிர்க்கிறோம்.

இதே பெங்களூரு கழிவுநீரை இரண்டாம் நிலை வரை சுத்திகரிச்சு, நாளுக்கு 440 மில்லியன் லிட்டர் கோலார் ஏரிகளுக்கு அனுப்பத் திட்டம் போட்டாங்க. இரண்டாம் நிலைன்னா, நுண்ணுயிரிகளை வெச்சு அழுக்கைத் தின்ன வைக்கிறது. பாஸ்பேட்டும் கிருமியும் முழுசாப் போகாது. 2018ல தண்ணி போன கொஞ்ச நாள்லயே லட்சுமிசாகர ஏரியில் நுரை பொங்குச்சு. வழக்கு நடந்தது, கர்நாடக உயர் நீதிமன்றமே தடை போட்டது (தடை பிறகு விலகிடுச்சு, அது வேற கதை). மூன்றாம் நிலை சுத்திகரிப்பு வேணும்னு கோலார் விவசாயிகளே கேட்கிறாங்க.

அவங்க விவசாயிக்குக் குழாய், ஆலை, கோர்ட்டு. நம்ம விவசாயிக்கு ஆறே சாக்கடைக் குழாய்! மார்க்கண்டேய நதியில் வர்ற நல்ல தண்ணிக்கு யர்கோள்ல அணை. நுரைக்கு மட்டும் கேட்டே கிடையாது.

ஓசூரும் யோக்கியம்னு சொல்ல மாட்டோம். 2019ல மாநகராட்சி ஆன ஊருக்குப் பாதாளச் சாக்கடையே முழுசா வந்து சேரல. சென்னையில கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரை ஆர்.ஓ. வரைக்கும் சுத்திகரிச்சு தொழிற்சாலைகளுக்கு விற்கிறாங்க. ஓசூர் சிப்காட்டுக்கு அதைச் செய்யத் தெரியாதா?

கேட்கிறது இதுதான்: பெங்களூரு கழிவுநீர் மூன்றாம் நிலை சுத்திகரிப்பு இல்லாம எல்லை தாண்டக் கூடாது. ஆலைக் கழிவு வீட்டுக் கழிவோட கலக்கக் கூடாது. கொடியாளத்துல எடுக்கிற நீர்ப் பரிசோதனை முடிவு தினமும் விவசாயி செல்போனுக்கு வரணும்.

நுரை வீடியோவோட இந்தப் பதிவையும் சேர்த்து ஷேர் பண்ணுங்க.

#தென்பெண்ணை #கெலவரப்பள்ளி