அந்த அரை மணி நேரத்தைப் பறிக்க வேண்டாம்



சனிக்கிழமை மறைக்கல்வி வகுப்புகள் தொடங்குமுன், ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பங்கு மண்டபத்தில் அரை மணி நேரம் கற்பனை விளையாட்டு நடத்தி வருகிறோம். நாற்காலிகளை ஓரமாக அடுக்கிய பின், பிள்ளைகள் தவளையாகப் பாய்கிறார்கள். கொக்காக ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். பழைய நூல் சேலை ஒன்றைச் சுற்றி நின்று பிடித்து, அதனைக் கலிலேயக் கடலாக்கி அலை எழுப்புகிறார்கள். இந்த நேரத்தைத் தமிழ் எழுத்துப் பயிற்சிக்கோ புதுநன்மை ஆயத்தத்துக்கோ ஒதுக்கினால் என்ன என்று பெற்றோர் சிலர் கேட்டிருக்கிறார்கள். "தவளை மாதிரிப் பாயுறதுக்கோ ஃபாதர், இவ்வளவு தூரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறம்?" என்று ஒரு தந்தை சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்புக்குள் உண்மையான கவலை ஒன்று இருந்தது. எனவே சற்று விரிவாகவே மறுமொழி எழுதுகிறேன்.

கவலையின் காரணத்தை நான் அறிவேன். வீடு, காணி, ஊர் அனைத்தையும் விட்டு வந்தோருக்குச் சுமந்து வர முடிந்த ஒரே சொத்து கல்வி. இடப்பெயர்வினால் தம் படிப்பு இடையில் முறிந்துபோன பெற்றோர், தம் பிள்ளையின் ஒவ்வொரு மணி நேரத்தையும் புத்தகத்துக்கே கொடுக்க விரும்புவதில் வியப்பில்லை. வார நாட்களில் பாடசாலை, மாலையில் ரியூஷன், வார இறுதியில் தமிழ், சங்கீதம், நடனம், பிறகு லெவன் பிளஸ் பரீட்சை. இந்த அட்டவணையில் விளையாட்டு என்பது மீந்துபோன நேரமாகிவிடுகிறது. மீந்துபோன நேரத்தையும் கைப்பேசி எடுத்துக்கொள்கிறது.

நம் தலைமுறை அறிந்த உடற்கல்வி வேறு வகையானது. வரிசையில் நிற்பது, விசில் சத்தத்துக்குக் கையை உயர்த்துவது, ஆண்டுக்கொருமுறை இல்ல விளையாட்டுப் போட்டி. அந்த 'டிரில்' முறைக்கு இந்நாட்டிலும் நீண்ட வரலாறு உண்டு. இலண்டன் பாடசாலைச் சபை 1881 இல் மார்ட்டினா பெர்க்மன் என்ற சுவீடன் நாட்டுப் பெண்மணியை நியமித்து, சுவீடனின் உடற்பயிற்சி முறையைத் தன் பாடசாலைகளில் பரப்பியது. தென்னாபிரிக்கப் போருக்குப் பின், 1902 இல், இராணுவப் பயிற்சியைத் தழுவிய பாடத்திட்டமொன்றும் இங்கிலாந்தின் பாடசாலைகளுக்கு வகுக்கப்பட்டது.

அதே இங்கிலாந்து பின்னர் தன் மனத்தை மாற்றிக்கொண்டது. ருடோல்ஃப் லாபான் என்ற நடனக் கலைஞர், நாஸி ஆட்சியின் கீழ்ச் சில காலம் பணியாற்றிப் பின் அதன் சினத்துக்கு ஆளாகி, 1938 இல் இந்நாட்டை வந்தடைந்தார். மனித அசைவு ஒவ்வொன்றையும் அதன் கனம், வேகம், இடம், ஓட்டம் என்ற நான்கினாலும் நோக்கலாம் என்று அவர் கற்பித்தார். 1952 இல் கல்வி அமைச்சு வெளியிட்ட, 'அசைதலும் வளர்தலும்' என்று பொருள்படும் தலைப்புடைய ஆசிரியர் கைநூலில் இந்தப் புதிய சிந்தனையின் தாக்கத்தைக் காணலாம். கட்டளைக்குக் கீழ்ப்படிந்து அசைவதோடு, பிள்ளை தானே தேடிக் கண்டுபிடித்தும் அசைய வேண்டும் என்ற எண்ணம் இவ்வாறே ஆரம்ப வகுப்புகளுக்குள் வந்தது. நம் இலண்டனின் டெப்ட்ஃபோர்டில் உள்ள இசை, நடனக் கல்லூரி இன்றும் லாபானின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கற்பனை எவ்வாறு உடலைப் பயிற்றுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஐந்து வயதுப் பிள்ளையிடம், "முழங்காலை மடக்கு, முன்பாதத்தில் இறங்கு, உடலைச் சமநிலையில் வை" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளை குழம்பி நிற்கும். "நீ ஒரு பூனை. மதிலிலிருந்து குதிக்கிறாய். கீழே குழந்தை நித்திரை கொள்கிறது" என்று சொல்லுங்கள். முழங்கால் தானாக மடங்கும், பாதம் மெதுவாக நிலத்தைத் தொடும், மூச்சுக்கூட அடங்கும். மூன்று கட்டளைகள் செய்யாததை ஒரு காட்சி செய்துவிடுகிறது. யானையாக நடக்கும் பிள்ளை கனத்தையும், பட்டமாகப் பறக்கும் பிள்ளை இலேசையும் அறிகிறது.

தமிழ் எழுத்துப் பயிற்சிக்கு நேரம் கேட்ட பெற்றோருக்கு இன்னுமொன்று. குதித்தல், துள்ளுதல், தாவுதல், பாய்தல் என்ற நான்கும் நம் மொழியில் நான்கு அசைவுகள். இங்கே வளரும் பிள்ளைக்கு அவை நான்கும் 'ஜம்ப்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. கன்றுக்குட்டியாகத் துள்ளி, குரங்காகத் தாவி, புலியாகப் பாய்ந்த பிள்ளைக்கு அவற்றின் வேறுபாட்டைக் கரும்பலகையில் விளக்க வேண்டியதில்லை. ஊர்தல், தவழ்தல், பதுங்குதல், நழுவுதல் ஆகியனவும் அவ்வாறே. கொப்பியில் பத்துமுறை எழுதிய சொல் மறந்துபோகலாம்; உடலால் கற்ற சொல் எளிதில் மறவாது.

உடல்நலத்தையும் நாம் ஒதுக்கிவிட இயலாது. இந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, 1 முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடங்களும், 5 முதல் 18 வயது வரையுள்ளோர் சராசரியாக 60 நிமிடங்களும் உடலை அசைத்து இயங்க வேண்டும். நீரிழிவு நம் குடும்பங்களுக்குப் புதிய விருந்தாளி அன்று. எனினும், இந்த எண்ணிக்கைகளைவிட என் மனத்தைத் தொடுவது வேறொன்று.

ஓட்டப் போட்டியில் முதலாவது பிள்ளை ஒன்று உண்டு. ஆகவே கடைசிப் பிள்ளையும் ஒன்று உண்டு. நான்கு வயதில், எல்லோரும் பார்த்திருக்க, கடைசியாக ஓடி வந்து அழுத பிள்ளைகளை நம் விளையாட்டு விழாக்களில் கண்டிருக்கிறேன். பிள்ளைக்கு முன்பே பெற்றோரின் முகம் வாடியதையும் கண்டிருக்கிறேன். மரமாக நிற்கும் விளையாட்டில் கடைசி மரம் என்று ஒன்றில்லை. கால் வலுவற்ற பிள்ளை வளைந்த மரமாக நிற்கும். பேசத் தயங்கும் பிள்ளை அமைதியான மரமாக நிற்கும். காடு இருவரையும் ஏற்றுக்கொள்ளும்.

"போட்டி நிறைந்த உலகில் இது பிள்ளையை மென்மையாக்கிவிடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். போட்டிக்கு நான் எதிரியல்லன். தோல்வியைத் தாங்கவும் வெற்றியில் தாழ்மையாக இருக்கவும் வளர்ந்த பிள்ளைகள் களத்தில்தான் கற்கிறார்கள். ஆனால் முதலில் தன் உடலை நம்பக் கற்ற பிள்ளையே பின்னர் போட்டியைத் தாங்கும். மேலும், கற்பனை விளையாட்டு என்பது கட்டுப்பாடற்ற கூச்சலும் அன்று. நிறுத்தச் சொன்னதும் நிற்பது, பிறர்மேல் மோதாமல் அசைவது, தன் முறைக்குக் காத்திருப்பது ஆகிய ஒழுங்குகள் இல்லாமல் அது நடவாது. அதற்கு ஆயத்தம் செய்து வரும் ஆசிரியரும் வேண்டும்.

நம் மண்ணில் இதற்கொரு சாட்சி உண்டு. போர் நடந்துகொண்டிருந்த 1996 ஆம் ஆண்டில், மட்டக்களப்பில், இயேசு சபைக் குருவாகிய அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாவைச் சேர்ந்த கலைஞர் போல் ஹோகனும் இணைந்து வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். போரினால் காயப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், வேடமிட்டு ஆடினார்கள், விளையாடினார்கள். உயிருக்கு அஞ்சி ஓடப் பழகியிருந்த கால்கள் அங்கே மகிழ்ச்சிக்காக ஓடின. அத்தனை இழப்பின் நடுவிலும் விளையாட்டு வீண்செலவு என்று அந்தக் குரு எண்ணவில்லை. அமைதியான இலண்டனில் வாழும் நாம் மட்டும் ஏன் அவ்வாறு எண்ண வேண்டும்?

விசுவாசத்தைப் பொறுத்தவரை, விளையாட்டிலும் நற்பண்பு உண்டென்றும், விளையாட்டே அறியாத கடுமை ஒரு குறையென்றும் புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் எழுதியிருக்கிறார். புனித இஞ்ஞாசியார் நற்செய்திக் காட்சிக்குள் கற்பனையால் நுழைந்து செபிக்கக் கற்பித்தார். நம் பிள்ளைகளோ சேலைக் கடலில் அலை எழுப்பி, ஒரு பிள்ளை எழுந்து கையுயர்த்தியதும் சட்டென்று அமைதியாகிறார்கள். அந்த அமைதி நீடிக்கும் சில நொடிகளில், புயலை அடக்கிய ஆண்டவரைப் பற்றி நான் பேசும் பத்து நிமிடங்களைவிட அதிகம் நிகழ்கிறது. நாட்டுக்கூத்திலும் திருப்பாடுகளின் காட்சியிலும் ஆடியும் நடித்தும் விசுவாசம் வளர்த்த பரம்பரை நாம். இது நமக்கு அந்நியமானதன்று.

ஆகவே என் தீர்மானத்தையும் வேண்டுகோளையும் சொல்லி முடிக்கிறேன். அந்த அரை மணி நேரம் தொடரும். புதுநன்மை ஆயத்தத்துக்குத் தேவையான கூடுதல் நேரத்தை, வகுப்புக்குப் பின் நான் என் நேரத்திலிருந்து தருகிறேன். அடுத்த விளையாட்டு விழாவில் ஏழு வயதுக்குட்பட்டோருக்கு முதலாம், இரண்டாம், மூன்றாம் இடங்கள் வேண்டாம் என்று விழாக் குழுவினரை வேண்டுகிறேன். பெற்றோரே, பிள்ளையை இறக்கிவிட்டுக் காருக்குள் காத்திராமல் மண்டபத்துக்குள் வாருங்கள். கிளித்தட்டும், கோழியும் பருந்தும் ஆடிய நினைவு உங்கள் கால்களில் இன்னும் இருக்கும். பருந்தாக ஓட எங்களுக்கு ஆள் தேவை.

நாடு கடத்தப்பட்டுத் திரும்பிய மக்களுக்குக் கடவுள் தந்த நம்பிக்கையைச் செக்கரியா இறைவாக்கினர் 8 ஆம் அதிகாரத்தில் பதிவு செய்கிறார். அவர் காணும் மீட்கப்பட்ட நகரின் வீதிகளில் முதியோர் கோலூன்றி அமர்ந்திருக்கிறார்கள். சிறுவரும் சிறுமியரும் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். சொந்த மண்ணைப் பிரிந்த நமக்கு அதைவிட நல்ல ஆசீர் எது?

இறைவன் உங்கள் இல்லங்களையும் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை